ஊட்டிக்கு எந்த மாசம் போகலாம்? மே மட்டும்தான் சீசனா?

11 ஜனவரி 2025, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

மே லீவுக்குக் குடும்பத்தோட ஊட்டி போகலாம்னு இருக்கோம். வருஷத்துல ஏப்ரல், மே ரெண்டு மாசம்தான் ஊட்டி, மத்த நாளெல்லாம் ஒண்ணு மழை, இல்லேன்னா குளிர், போறது காசுக்குக் கேடுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. சரிதானா?

11 ஜனவரி 2025, மாலை

யார் சொன்னது? மே மாசம் ஊட்டியைப் பார்க்க முடியாது, ஊட்டி பார்க்க வந்தவர்களைத்தான் பார்க்கலாம்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். அத்தை வீடு மேலே, காந்தல் பக்கம். காதுகுத்து, எழவு, ஆஸ்பத்திரி, வீட்டில் சண்டை என்று ஏதாவது ஒரு சாக்கில் எல்லா மாசமும் மலை ஏறியிருக்கிறேன். சுற்றுலா என்று போனது குறைவு. எனக்குப் பிடித்தது உங்கள் பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கலாம், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

'சீசன்' என்பது வெள்ளைக்காரர் காலத்துக் கணக்கு. கீழே மெட்ராஸ் கொதிக்கும்போது மாகாண அரசாங்கமே ஃபைல் கட்டோடு மேலே வந்து உட்காரும். அவர்கள் போய்விட்டார்கள், கணக்கு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதோடு நம் பள்ளிக்கூட லீவும் சேர்ந்துகொண்டது.

12 ஜனவரி 2025

இப்போதே போனால் என்ன கிடைக்கும் என்று இன்னொருவர் கேட்கிறார். பனி கிடைக்கும்.

ஊர்க்காரர்கள் நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்துச் சொல்வார்கள். நீர்ப்பனி முதலில் வரும், புல் நனைந்திருக்கும், அவ்வளவுதான். உறைபனிக்கு டிசம்பர், ஜனவரி. விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாக இருக்கும், வாசலில் நிறுத்தின பைக்கின் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம். வெயில் ஏறியதும் போய்விடும். ஒன்பது மணிக்கு எழுந்து காபி குடித்துவிட்டுப் பனி எங்கே என்று தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கூத்து, உயரமான இடத்தில்தான் பனி அதிகம் என்று நினைத்துத் தொட்டபெட்டாவுக்கு வண்டி பிடிப்பது. 2,637 மீட்டர் என்று போர்டு பார்த்ததும் அப்படித் தோன்றும். ஆனால் உறைபனி பள்ளத்தில்தான் விழும். மேகமில்லாத, காற்றடிக்காத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, தாழ்வான இடத்தில் தேங்கிவிடும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். பந்தய மைதானமும் பஸ் ஸ்டாண்டும் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடையை மறித்து உண்டாக்கின ஏரி அதுவரை வந்தது. பிறகு தண்ணீரை விரட்டி மண்ணைப் போட்டார்கள். பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது, தண்ணீருக்குப் பதில் குளிர் வந்து தேங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. குளிர் தாங்கவில்லை என்று ரூமுக்குள் கரி அடுப்பு கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி மூட்டினால் வருகிற விஷவாயுவுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாசனைகூட இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலையில் இப்படிச் சாவு நடந்திருக்கிறது. கம்பளியைக் கூட ஒன்று கேளுங்கள்.

13 ஜனவரி 2025

விட்டுப்போனது. டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில்தான் நீலகிரியில் வாழும் படுகர் சமூகத்தாரின் ஹெத்தையம்மன் பண்டிகை. வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகையில் ஊர் ஊராகக் கிளம்பிக் கோத்தகிரிப் பக்கம் பேரகணிக்கு நடந்து வருவார்கள். அந்த நாளில் ரோட்டில் மாட்டினால் ஹாரன் அடிக்காமல் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பாருங்கள். மலை அவர்கள் ஊர், நாம் வந்து போகிறவர்கள்.

2 பிப்ரவரி 2025

டிவிக்காரன் மைனஸ் என்கிறான், வானிலை மையம் நாலு டிகிரி என்கிறது, யார் புளுகுகிறார்கள் என்று கேள்வி. இரண்டு பேரும் புளுகாமலே இருக்கலாம். மையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஆளின் நெஞ்சு உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருக்கும். புல் நுனி அதைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிரும். தேயிலைக்காரருக்குப் புல் உயரக் கணக்குத்தான் கணக்கு. கொழுந்து கருகிவிட்டால் மறுபடி துளிர்க்கும்வரை பறிக்க ஒன்றும் இருக்காது. நீங்கள் செல்ஃபி எடுக்கிற வெள்ளைப் புல்லுக்குப் பக்கத்திலேயே ஒருவர் தலையில் கை வைத்து நிற்பார்.

குளிர்காலத்தில் கருகாமல் தப்பிக்கும் கொழுந்தில் நல்ல மணம். நீலகிரித் தேயிலையில் குளிர்மாசத் தூளைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து, பனியில் கருகாமலிருக்க நாற்றுக்கெல்லாம் கூரை போட்டிருப்பார்கள். பூ பார்க்க வந்தவருக்குக் காய்ந்த மிலார்தான் தெரியும். ஜனவரியில் பூங்காவுக்குப் பூவுக்காகப் போகாதீர்கள், மரத்துக்காகப் போங்கள். 1848-ல் மெக்ஐவர் போட்ட தோட்டம், மரங்களுக்கு அந்த வயசு தெரியும்.

16 மார்ச் 2025

மார்ச்சைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. பரீட்சை மாசம், யாரும் போவதில்லை. அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

குறை முதலில். காடு காய்ந்து கிடக்கும், பைக்காரா அருவியில் தண்ணீர் மெலிந்திருக்கும், காட்டுத்தீ பயத்தில் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். பச்சைப் பசேல் போட்டோவை நம்பி வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் குன்னூர் ரோட்டில் ஜகரண்டா ஊதாவாகப் பூத்து நிற்கும். ரூம் வாடகை பேசிக் குறைக்கலாம். ஊட்டி நடுவில் சேரிங் கிராஸ் சந்திப்பில் ரோட்டைக் கடக்கலாம், இதன் அருமை மே மாசம் போனவருக்குத்தான் தெரியும்.

மலை ரயிலில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்புள்ள மாசமும் இதுதான். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் ஊட்டி. தூரம் 46 கிலோமீட்டர். பஸ்ஸில் அதில் பாதி நேரம்கூட ஆகாது. எங்கள் ஊர்க்காரர்கள் வேலையிருந்தால் பஸ், விருந்தாளி வந்தால் ரயில்.

கல்லாறு தாண்டினால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த தண்டு ஆரம்பிக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 12 அடி நடந்தால் ஒரு அடி ஏற்றம் என்ற கணக்கில் சரிவு. எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனுக்கு முன்னால் வெறும் காடுதான். குன்னூர்வரை 1899-லேயே வந்துவிட்டது, ஊட்டிக்கு 1908-ல்தான். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும்போது எல்லோரும் இறங்குவார்கள், குரங்குகள் ஏறும். வடை பொட்டலத்தை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள்.

3 ஏப்ரல் 2025

வண்டியில் நீலகிரி வர எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றிக் குழப்பம் நிறைய ஓடுகிறது. சுருக்கமாக: உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இருக்கிறது. இந்த வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்திருக்கிறது, நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. அரசு பஸ்ஸில், ரயிலில் போகிறவருக்குப் பாஸ் வேண்டாம். உள்ளூர் டிஎன் 43 வண்டிக்கும் வேண்டாம்.

பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரும் கொண்டுபோகாதீர்கள், செக்போஸ்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள், மேலே வாட்டர் ஏடிஎம் இருக்கிறது. அதில் ஒன்றிரண்டு வேலை செய்யாது. கடையில் கேட்டால் ஊற்றித் தருவார்கள்.

18 ஏப்ரல் 2025

ஏப்ரலில் போயே தீருவேன் என்றால் மார்க்கெட் பக்கத்து மாரியம்மன் கோயில் தேரைப் பார்க்கிற மாதிரி போங்கள். தேர்மேல் உப்பை வீசுவார்கள். வேறு எந்த ஊர்த் தேரிலும் நான் இதைப் பார்த்ததில்லை. அன்றைக்கு ரோடெல்லாம் உப்பு, செருப்புக்குள்ளேயும் உப்பு. ஏப்ரல் மாசம் முழுக்க ஒவ்வொரு சமூகத்தாரும் முறை வைத்து உபயம் செய்வார்கள். ராத்திரியில் தாரை தப்பட்டை கேட்டுக்கொண்டே இருக்கும். டூரிஸ்ட் கூட்டம் ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்கும்போது ஊர் இங்கே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

4 மே 2025

ஜனவரியில் முதல் கேள்வி கேட்டவர் பிடிவாதமாக மே கடைசி வாரத்துக்கு ரூம் போட்டுவிட்டார். பிள்ளைகளின் லீவு, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்காக இரண்டு விஷயம். சீசனில் பெரும்பாலும் ஒருவழிப் பாதை: ஏறுவது பர்லியார், குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. அடுத்தது, குளிருக்குப் பயந்து பெட்டி நிறைய ஸ்வெட்டர் கட்டாதீர்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி வரை போனது. ஃபேன் இல்லாத வீடுகளில் ஃபேன் வாங்கினார்கள். அத்தை மட்டும் அசையவில்லை. "ஏங்கண்ணு, இதுக்கெல்லாமா காத்தாடி வாங்குவாங்க? ரெண்டு நாள்ல மழ வந்துரும்" என்றார்.

26 மே 2025

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளாவில் தொடங்கும். இந்தத் தடவை 24-ஆம் தேதியே வந்துவிட்டது. நீலகிரிக்கு ரெட் அலர்ட். சுற்றுலா இடங்களை மூடிவிட்டார்கள். நேற்று எட்டாவது மைல் பக்கம் மரம் விழுந்து கேரளாவிலிருந்து வந்த ஒரு சிறுவன் போய்விட்டான்.

ரூம் போட்டவர் பிள்ளைகளோடு அறைக்குள் கேரம் ஆடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார். அப்படியே இருங்கள். காற்றும் மழையும் சேர்ந்தால் கற்பூர மரத்தடியிலும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தடியிலும் (வாட்டில்) வண்டியை நிறுத்தாதீர்கள். இரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மண் ஊறினால் சீகை வேரோடு சாயும். இறங்கும் ரோட்டை விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.

29 ஜூன் 2025

கீழே பர்லியாரில் பலா பழுத்துவிட்டது. யானைக்கும் அது தெரியும். குன்னூர் ரோட்டில் சாயங்காலம் வண்டிகள் நின்றிருந்தால் ஹாரன் அடித்து முந்தாதீர்கள், முன்னால் யானை நிற்கும். மங்குஸ்தான், துரியன் வந்ததும் ரோட்டோரக் கடைகளில் குவிப்பார்கள். துரியனைப் பஸ்ஸில் கொண்டு வந்து ஒருமுறை திட்டு வாங்கினேன்.

20 ஜூலை 2025

எல்லாரும் மாசத்தையே கேட்கிறீர்கள். இந்த மலைக்கு மாசம் மட்டும் போதாது, எந்தப் பக்கம் என்றும் கேட்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று கேரளாப் பக்கமிருந்து வரும். முக்குர்த்தி, அவலாஞ்சி, அப்பர் பவானி என்று மேற்கு விளிம்பில் நிற்கிற மலைகளில் மோதி, கையில் இருப்பதை அங்கேயே கொட்டிவிடும். கூடலூர், தேவாலா பக்கம் நாள் கணக்கில் விடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கோயம்புத்தூருக்கு அது வருஷத்து மழையைவிட அதிகம். அங்கே கொட்டிவிட்டு வருவதால் ஊட்டிக்குச் சாரல்தான். தொட்டபெட்டா வரிசையைத் தாண்டிக் கோத்தகிரிக்குப் போகும்போது காற்றில் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது.

ஒரு ஜூலையில் காந்தலில் எதிர்வீடு தெரியாத மேகம், துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரம். அத்தைக்குத் தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்காகக் கோத்தகிரி பஸ் ஏறினோம். தொட்டபெட்டா ஜங்ஷன் வரை லைட் போட்டு ஓட்டிய டிரைவர், கட்டபெட்டு தாண்டியதும் கண்ணாடி மாட்டிக்கொண்டார். சுள்ளென்று வெயில். சாயங்காலம் கொடநாடு காட்சிமுனையில் நின்று பார்த்தால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. திரும்பி வந்தால் காந்தலில் அதே மேகம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இது தலைகீழ். காற்று வங்கக்கடல் பக்கமிருந்து வரும், அடி வாங்குவது கோத்தகிரி, குன்னூர், பர்லியார்ச் சரிவு. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாசங்களில் கூடலூர்ப் பக்கம் பெரும்பாலும் தேவலை.

ஊட்டி இரண்டுக்கும் நடுவில். இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இரண்டிலும் முழுசாக நனையாது.

10 ஆகஸ்ட் 2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் ஜூலை, ஆகஸ்டில் ஊட்டியே வேண்டாமா என்கிறார் ஒருவர். நான் அப்படிச் சொல்லவில்லை. முன்பெல்லாம் அந்தச் சாரல் எனக்குப் பிடிக்காது, இப்போது அதற்காகவே போகிறேன். கொட்டுகிற மழை இல்லை, குடையும் தேவைப்படாத, குடை இல்லாமலும் முடியாத ஒரு மழை. பைக்காராவில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழும். ஸ்டீபன் சர்ச் பக்கம் நடந்தால் கல்லறைத் தோட்டத்துப் பாசிகூட அழகாக இருக்கும். அந்தச் சர்ச்சின் உத்தரங்கள் திப்புவின் சீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தவை. அந்தத் தேக்கை மலைமேல் ஏற்றினவர்களை நினைத்தால் எனக்கு மூச்சு வாங்கும்.

ஒரே கஷ்டம் வர்க்கி, ஊட்டி பேக்கரிகளின் மொறுமொறு பிஸ்கட். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு அடுப்பில் வேகவைத்தது, புளிக்கவைத்த மாவு, மேல் ஓடு தொட்டால் உதிரும். அதே மாஸ்டர் சமவெளிக்கு இறங்கி அதே மாவைப் பிசைந்தாலும் அது வராது என்பார்கள். ஆகஸ்டில் வாங்கினால் ரூமுக்குப் போவதற்குள் நமத்துவிடும். கடைவாசலில் நின்று டீயில் நனைத்து அங்கேயே தின்றுவிடுங்கள். கிலோ கணக்கில் பார்சல் கட்டுகிற வேலையெல்லாம் பிப்ரவரியில்.

அவலாஞ்சி போகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள், மழை வலுத்தால் மூடிவிடுவார்கள்.

21 செப்டம்பர் 2025

இரண்டாவது சீசன் தொடங்கிவிட்டது. ஓணம் கூட்டம் போய், பூஜை லீவுக்கு வங்காளிகள் வரப்போகிறார்கள். பூங்காவில் தொட்டிகளை அடுக்கிவிட்டார்கள். மே மாசத்துப் பூவில் பாதியாவது இருக்கும், கூட்டம் அவ்வளவு இருக்காது. மழை ஓய்ந்து அடுத்த மழை வருமுன் கிடைக்கிற இந்த இடைவெளிதான் என் கணக்கில் முதலிடம். முதன்முதலாகப் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன், பிள்ளைகளின் காலாண்டு லீவும் இதோடு ஒட்டி வரும்.

குறிஞ்சி கேட்டவருக்கு: போன வருஷம் எப்பநாடு பக்கச் சரிவுகளில் நீலமாகப் பூத்தது. 12 வருஷத்துக் குறிஞ்சி என்றாலும் ஒவ்வொரு சரிவும் ஒவ்வொரு வருஷக் கணக்கு வைத்திருக்கிறது. மூணாறில் 2018-ல் பூத்ததை வைத்து இங்கே கூட்டிக் கழிக்க முடியாது.

முதுமலைக்குக் கல்லட்டி வழியாக இறங்கலாமா என்றும் ஒரு கேள்வி. 36 கொண்டை ஊசி வளைவு, பயங்கரச் சரிவு, வெளியூர் வண்டியை இறங்க விடமாட்டார்கள். கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். முதுமலை தாண்டிப் பந்திப்பூர்க் காட்டு ரோடு ராத்திரி 9 முதல் காலை 6 வரை கிடையாது. அங்கே போய் நின்றுகொண்டு இங்கே திட்டி எழுதாதீர்கள்.

23 செப்டம்பர் 2025

என் கணக்கில் முதலிடம் என்றதற்கு அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. போனில் படித்துக் காட்டினேன். "செப்டம்பர்ல என்ன இருக்குது? பனி வுழுந்தாத்தான் கண்ணு ஊட்டி" என்கிறார். முட்டிவலியோடு ஜனவரிக் குளிரில் விடியற்காலை எழுந்து வாசல் தெளிக்கிறவர். பதிந்து வைக்கிறேன்.

26 அக்டோபர் 2025

வயசான அப்பா அம்மாவை நவம்பரில் மலை ரயிலில் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதியவருக்கு. டிக்கெட் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். இந்தப் பருவத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாதையில் மண்ணோ மரமோ விழுந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். சில நாள் நிற்கும், சில சமயம் வாரங்களுக்கும் நீளும். அப்படி நின்றாலும் பெரும்பாலும் மேலே குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் ஓடும். அங்கே பல்சக்கரம் கிடையாது, டீசல் எஞ்சின், பயணமும் சின்னது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் வயல்கள் தெரியும். முட்டி வலிக்கிறவர்களுக்கு அந்த நேரம் சரியாக இருக்கும்.

குன்னூர்வரை பகலில் பஸ்ஸிலோ காரிலோ வந்துவிடுங்கள். மழை பெய்கிற ராத்திரியில் பர்லியார் ரோடு வேண்டாம். கார் என்றால் இரண்டு நாள் முன்னாலேயே பாஸ் போட்டுவிடுங்கள்.